தண்டையார்பேட்டையில் ஒரு நெட்வொர்க்கிங் வகுப்பு: கேபிள் முதல் ஃபயர்வால் வரை

கணினி வலையமைப்பின் அடிப்படைகளையும் அதன் பாதுகாப்பையும் தமிழில் விளக்கி, கையால் செய்ய வைத்துக் கற்றுக்கொடுக்கும் இடம் வடசென்னையில் உண்டா என்று தேடுகிறவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு எலக்ட்ரிகல் கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை மாலையும் ஞாயிறு காலையும் நடக்கும் நான்கு மாத வகுப்பு அது. அதில் சேர்ந்து பாடத்தை முழுமையாக முடித்திருக்கிறேன். கட்டணத்துக்கு மிஞ்சிய பயிற்சி என்பதே என் மதிப்பீடு. பாதுகாப்பைக் கடைசி மாதத்துக்கென்று ஒதுக்கி வைக்காமல், ஒவ்வொரு நெறிமுறையும் (கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகள்) எதை நம்பி வேலை செய்கிறது என்று முதலில் காட்டி, அந்த நம்பிக்கையை ஒருவன் எப்படி ஏய்க்கலாம், ஏய்க்கவிடாமல் எப்படித் தடுக்கலாம் என்பதை அதே வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த முறையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மின்னஞ்சல், ஐ.பி.வி.6 என்ற புதிய இணைய முகவரி முறை ஆகிய இரண்டிலும் பாடம் போதவில்லை. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மையத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அதை நடத்துகிறவர் கேட்டுக்கொண்டார். ஒரு தொகுப்புக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதால், கூட்டம் வந்து திருப்பி அனுப்ப நேர்வதை அவர் விரும்பவில்லை. தண்டையார்பேட்டையிலும் புதுவண்ணாரப்பேட்டையிலும் சிசிடிவி அல்லது பிராட்பேண்ட் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். கட்டணம் 14,000 ரூபாய். இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். ஆசிரியர் ரயில்வே தொலைத்தொடர்புப் பிரிவில் பணிசெய்து ஓய்வு பெற்றவர். என்னோடு படித்தவர்களில் பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்கள், வியாசர்பாடியில் கேமரா பொருத்தும் இளைஞர்கள், எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர், கேபிள் டி.வி. லைன் பார்த்துப் பிறகு ஃபைபருக்கு மாறிய ஒருவர் ஆகியோர் இருந்தார்கள். இவ்வளவு வேறுபட்ட ஆட்களை ஒரே வகுப்பில் உட்காரவைத்து யாருக்கும் சலிப்பில்லாமல் நடத்துவது எளிதன்று. அவர் அதைச் செய்கிறார்.

எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். தம்புச்செட்டித் தெருவில் துறைமுகச் சரக்குகளுக்குக் கிளியரிங் செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணம் ஏற வேண்டிய நேரத்தில் இணைப்பு நின்றால், கன்டெய்னர் துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளர் வாடகை கட்ட நேரிடும். ஆகவே வலையமைப்பு எங்களுக்கு ஆடம்பரமன்று. இப்படிப்பட்ட அலுவலகத்தில் திங்கட்கிழமை காலையிலேயே பயன்படுமா என்ற ஒரே கேள்வியோடுதான் ஒவ்வொரு பாடத்தையும் பார்த்தேன்.

முதல் மூன்று வாரங்கள் கேபிளிலேயே கழிகின்றன. சிலர் இதைக் கால விரயம் என்று முணுமுணுத்தார்கள். எனக்கு முழு வகுப்பிலும் மிகப் பயன்பட்ட பகுதிகளில் இது ஒன்று. எட்டுக் கம்பிகளை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் ஆர்.ஜே. 45 கனெக்டரில் செருகிக் கிரிம்ப் செய்வதைப் பல இடங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். பச்சை இணையின் இரு கம்பிகளும் ஏன் அடுத்தடுத்து இல்லாமல் மூன்றாவது, ஆறாவது இடங்களில் பிரிந்து நிற்கின்றன என்று இங்கேதான் சொன்னார்கள். சிக்னல் இணை இணையாகப் போகிறது; ஒன்றும் இரண்டும் ஓர் இணை, மூன்றும் ஆறும் இன்னோர் இணை. ஒரு கம்பியில் ஏறும் இரைச்சல் அதனோடு முறுக்கிய மறு கம்பியிலும் சமமாக ஏறி, முடிவில் ஒன்றையொன்று கழித்துவிடும்படி அந்த முறுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. நிறங்களை அழகுக்காக வரிசையாக அடுக்கிவிட்டால் மூன்றாவது கம்பியும் ஆறாவது கம்பியும் வெவ்வேறு முறுக்குகளுக்கு உரியவையாகிவிடும். விலை குறைந்த டெஸ்டரில் எட்டு விளக்குகளும் சரியாகவே எரியும். கோப்பை அனுப்பத் தொடங்கும்போதுதான் வேகம் படுத்துவிடும். இரண்டு கேபிள்களையும் செய்து, இரண்டிலும் ஒரே கோப்பை அனுப்பி, எடுத்த நேரத்தை எழுதச் சொன்னார். "லைட்டு எரியுதுன்னா லிங்க் இருக்குன்னுதான் அர்த்தம் தம்பி, வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல" என்று அவர் சொன்னதை வகுப்பிலிருந்த கேமரா இளைஞர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

கம்பியின் தரத்தையும் விட்டுவைக்கவில்லை. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை கேட் 6 என்று சொல்லி மலிவாக விற்கிறார்கள். அதைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம் என்பதால், கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமராக்களுக்கு அது ஒத்துவராது; கம்பி சூடாகும், தூரத்துக் கேமரா இரவில் அணைந்து அணைந்து எரியும். காசிமேடு, ராயபுரம் போல உப்புக்காற்று படும் இடங்களில் வெளிச்சுவரில் திறந்து கிடக்கும் கனெக்டர்களின் முனைகள் பச்சை பூத்துப்போவதைச் சில பழைய துண்டுகளை வைத்துக் காட்டி, மூடிய பெட்டிக்குள் வைப்பதன் அவசியத்தைச் சொன்னார். 100 மீட்டர் என்ற எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மாடியிலேயே ஒரு முழுச் சுருள் கேபிள் வைத்திருக்கிறார்கள்.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்ச் பற்றிய பாடத்தில் ஒரு சோதனை. கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகினார். சில நொடிகளில் எல்லா விளக்குகளும் ஒன்றாகப் படபடக்க, எந்தக் கணினியாலும் இன்னொன்றை அடைய முடியவில்லை. தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது. ஐ.பி. பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கியெறியச் செய்யும் ஓர் எண் இருக்கிறது. அந்தப் பாக்கெட்டைக் கேபிளில் சுமந்து செல்லும் ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லாததால், எல்லோருக்கும் என்று அனுப்பப்பட்ட செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறையை, நிர்வகிக்கக்கூடிய சுவிட்சில் இயக்கி அதே கேபிளை மறுபடியும் செருகிக் காட்டினார், வலையமைப்பு அசையவில்லை. மலிவான சாதாரண சுவிட்சுகளில் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. மேசைக்கடியில் கிடக்கும் ஒரு கேபிளைக் கூட்டிப்பெருக்க வந்தவர் எடுத்துச் செருகிவிட்டால் அலுவலகமே நின்றுவிடும் என்பது அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்தது.

வலையமைப்பின் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கும் பாடத்தில் ஏழு அடுக்கு மாதிரியை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. எங்கள் தொழிலிலிருந்தே எடுத்து விளக்கினார்: அட்டைப்பெட்டி டி.சி.பி., அதை அடைத்த கன்டெய்னர் ஐ.பி., கன்டெய்னரை ஏற்றிய டிரெய்லர் ஈதர்நெட். தொழிற்சாலையிலிருந்து துறைமுகம் வரை ஒரு டிரெய்லர், பிறகு கப்பல், மறுகரையில் வேறொரு டிரெய்லர் என்று வண்டி மாறிக்கொண்டே போகும். கன்டெய்னர் எண் மாறாது. மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) ஒவ்வொரு ரவுட்டரிலும் மாறுவதும் ஐ.பி. முகவரி நிலைத்திருப்பதும் இதனால் உடனே விளங்கிவிட்டன. தொலைந்த கன்டெய்னரை யாரும் மறுபடி தயாரித்து அனுப்புவதில்லை, டி.சி.பி. அனுப்பும் என்று ஒப்புமை பொருந்தாத இடத்தையும் அவரே சுட்டினார்.

ஐ.பி. முகவரிப் பாடம் கரும்பலகையில் இரும எண்களோடு நடந்தது. முகவரியின் முதல் 24 பிட் வலையைக் குறிக்கும் /24 வலையில் 254 கருவிகள், /26-இல் 62 கருவிகள் என்று வாய்ப்பாடு போலச் சொல்ல வைக்காமல், ஏன் இரண்டு முகவரிகள் கழிகின்றன என்று ஒவ்வொருவரையும் எழுந்து சொல்ல வைத்தார். 32 பிட்டில் ஏறக்குறைய 429 கோடி முகவரிகள்தான் கிடைக்கும். உலகப் பதிவகத்தின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதற்கு வெகுமுன்பே, 10 என்று தொடங்கும் தொகுதி, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய மூன்றையும் யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் பயன்படுத்தலாம் என்று 1996-இல் ஒதுக்கிவிட்டார்கள். இந்த வரலாறு ஏன் தேவை என்றால், சிக்கல் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு கிளைகளிலும் ரவுட்டர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 192.168.1 என்று இருந்தால், அவற்றை வி.பி.என். என்ற குறியாக்கிய இணையவழி இணைப்பின் மூலம் இணைக்கும் நாளில் எந்த 192.168.1.10 எங்கே இருக்கிறது என்று எந்த ரவுட்டராலும் தீர்மானிக்க முடியாது. அலுவலகம் சிறியதாக இருக்கும்போதே முகவரித் திட்டத்தைக் காகிதத்தில் போட்டு வையுங்கள் என்ற அறிவுரையை நான் உடனே செயல்படுத்தினேன். பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குத் தனிப் பொது முகவரி தராமல் 100.64 முதல் 100.127 வரையிலான பகிர்வு முகவரியைத் தருவதையும், அந்த இணைப்பில் வெளியிலிருந்து கேமராவைப் பார்க்க ரவுட்டரில் என்ன திறந்தாலும் பயன் இல்லை என்பதையும் கேட்டபோது கேமரா இளைஞர்களின் முகத்தில் தெளிவு வந்தது.

வகுப்பின் உயிர்நாடி வயர்ஷார்க் பாடங்கள்தான். ஈதரியல் என்ற பெயரில் 1998-இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் வெளியிட்டு, 2006-இல் பெயர் மாறிய இந்த இலவச மென்பொருள், கம்பியில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துக் காட்டும். ஒரு லேப்டாப்பைச் செருகியதும் "முகவரி தருபவர் யாராவது உண்டா" என்று அது கேட்பதும், பதில் வருவதும், இது வேண்டும் என்று கோருவதும், சரி என்று உறுதி கிடைப்பதும் நான்கு வரிகளாகத் திரையில் வந்து நின்றன. பிறகு முகவரியைத் தேடும் ஏ.ஆர்.பி., பெயரைத் தேடும் டி.என்.எஸ்., டி.சி.பி.-யின் மூன்று படி அறிமுகம் என்று ஒரு இணையப் பக்கம் திறப்பதற்குள் நடக்கும் அத்தனையையும் ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்தார். ஒரு மாணவர் தவறாகப் படித்தால் அவரைத் திருத்தாமல், "அடுத்த வரி இன்னா சொல்லுது பாரு" என்று பாக்கெட்டையே பேசவிடுவார்.

ஏ.ஆர்.பி. பாடம் ஒன்றை மட்டும் விரிவாகச் சொன்னாலே இவருடைய முறை விளங்கிவிடும். இந்த ஐ.பி. யாருடையது என்று ஒரு கணினி எல்லோரிடமும் கேட்கிறது. என்னுடையது என்று ஒரு மேக் முகவரி பதில் சொல்கிறது. கேட்ட கணினி எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் அதை எழுதிவைத்துக்கொள்கிறது. கேட்காமலே வரும் பதிலையும் ஏற்றுக்கொள்ளும் கணினிகள் உண்டு. 1982-இல் இந்த நெறிமுறையை வகுத்தவர்கள் ஒரே கட்டடத்தில் ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்காக வகுத்தார்கள். அந்த நம்பிக்கை அன்றைக்கு நியாயமானது. இன்று அதே கம்பியில் விருந்தினரின் ஃபோனும் யாரோ விட்டுப்போன கருவியும் இருக்கின்றன. இவ்வளவும் சொன்ன பிறகே, நான்தான் ரவுட்டர் என்று ஒரு லேப்டாப் பொய் பதில் அனுப்பி, மற்றவர்களின் போக்குவரத்தைத் தன் வழியே திருப்பும் தாக்குதலைக் காட்டினார். அடுத்த நிமிடமே சுவிட்சில் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங்கையும் (எந்தக் கருவிக்கு எந்த முகவரி தரப்பட்டது என்று சுவிட்ச் குறித்துவைக்கும் வசதி) அதைச் சார்ந்த ஏ.ஆர்.பி. சோதனையையும் இயக்க, அந்தப் பொய் பதில்கள் வாசலிலேயே விழுந்தன. திசைதிருப்பப்பட்ட நிலையிலும் எச்.டி.டி.பி.எஸ். பக்கத்தின் உள்ளடக்கம் படிக்க முடியாத எழுத்துகளாகவே இருந்ததைக் காட்டியது மிக முக்கியம். குறியாக்கம் எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை நான் கண்டதில்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட்டில் தட்டிய கடவுச்சொல் எழுத்து எழுத்தாகத் திரையில் வந்ததையும், அதே வேலையைக் குறியாக்கத்தோடு செய்யும் எஸ்.எஸ்.எச்.-இல் வராததையும் அன்றே பார்த்தோம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் இப்படி ஒட்டுக்கேட்கப்பட்டதற்குப் பிறகுதான் டாட்டு யுலோனன் 1995-இல் எஸ்.எஸ்.எச்.-ஐ எழுதினார் என்று சொன்னபோது, ஒவ்வொரு பாதுகாப்புக்கும் பின்னால் ஓர் இழப்பு இருப்பது புரிந்தது.

இந்தச் சோதனைகள் எல்லாம் வெளி இணைப்பு இல்லாத தனி சுவிட்சில் மட்டுமே நடக்கின்றன. சேரும்போதே ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குகிறார்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பிறர் கணினியிலோ வலையிலோ கை வைப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது, மோசடியான எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம் என்பதைச் சட்டப் புத்தகத்திலிருந்தே வாசித்துக் காட்டினார். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை முதல் நாளே சொல்வது பொறுப்பான செயல்.

டி.என்.எஸ். பாடமும் அதே வழியில் போனது. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த இந்த முறையில், கேள்விக்குரிய பதில் இதுதானா என்று சரிபார்க்க 16 பிட் எண் ஒன்றே இருந்தது. 65,536 வாய்ப்புகளில் ஒன்றை ஊகித்தால் போதும். 2008-இல் டான் காமின்ஸ்கி இதை எவ்வளவு விரைவாக ஏமாற்றலாம் என்று கண்டறிந்து, நிறுவனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திருத்தம் வெளியிடும்வரை விவரத்தை வெளியிடாமல் காத்ததை அவர் நெகிழ்ந்து சொன்னார். அந்தத் திருத்தம் போர்ட் எண்ணையும் (கணினிக்குள் எந்தச் சேவைக்கு என்று குறிக்கும் வாசல் எண்) ஊகிக்க முடியாதபடி மாற்றியது. கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டியதால், அது ஏன் வேலை செய்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

ஃபயர்வால் பகுதி மூன்றாம் மாதம் முழுவதும் வருகிறது. ரவுட்டரில் உள் முகவரிகளை ஒரே பொது முகவரியாக மாற்றும் முகவரி மாற்றம் நடப்பதாலேயே பாதுகாப்பு இருக்கிறது என்ற பரவலான எண்ணத்தை அவர் பொறுமையாகக் கலைத்தார். உள்ளிருந்து போன இணைப்புக்கு வரும் பதிலை அனுமதித்து, கேட்காமல் வருவதை மறுப்பது ஃபயர்வாலின் நிலை அட்டவணை செய்யும் வேலை. வெளியிலிருந்து கேமராப் பதிவுக் கருவியான டி.வி.ஆர். பார்க்க ஒரு போர்ட், வீட்டிலிருந்து டாலி கணக்கைப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டால், முகவரி மாற்றம் எதையும் காப்பாற்றாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் சுமார் 60 பெயர்-கடவுச்சொல் இணைகளைக் கொண்டே பிடித்து, அதே ஆண்டு அக்டோபரில் டைன் (Dyn) என்ற டி.என்.எஸ். நிறுவனத்தை முடக்கிய தாக்குதலுக்குப் பயன்பட்டது. கேமரா பொருத்தும் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டு அமைதியாகிவிட்டார்கள். அன்று மாலையே தாங்கள் பொருத்திய இடங்களின் பட்டியலைப் போடத் தொடங்கினார்கள்.

என்னை மிகவும் பாதித்தது 2017-இன் இரண்டு நிகழ்வுகளை அவர் அடுத்தடுத்து வைத்து விளக்கியது. மே 12-ஆம் தேதி பரவிய வானாக்ரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியே 445-ஆம் போர்ட்டில் நுழைந்தது. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டிருந்தது. ஜூன் 27-ஆம் தேதி நாட்பெட்யா, உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியே நுழைந்து, உள்ளே வந்த பிறகு அதே ஓட்டையையும் நினைவகத்திலிருந்து திருடிய கடவுச்சொற்களையும் வைத்துப் பரவியது. திருத்தம் போட்ட கணினிகளும் திருடிய கடவுச்சொல்லுக்குத் தப்பவில்லை. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் புதிதாக நிறுவ நேர்ந்தது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று. ஒரு முனையம் நின்றால் ஆவணம், லாரி, கிடங்கு, வாடகை என்று என்னென்ன வரிசையாக நிற்கும் என்பதை நாங்கள் அறிவோம். ஒரு கணினி விழுந்தால் அதோடு போகட்டும், அடுத்ததைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் வலையைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும் என்று அவர் வி லேன் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலைகள்) பாடத்துக்கு அங்கிருந்தே நுழைந்தார். கேமராக்களுக்கு ஒரு வி லேன், கணக்குக் கணினிகளுக்கு ஒன்று, விருந்தினர் வைஃபைக்கு ஒன்று, இவற்றுக்கிடையே எது எதைத் தொடலாம் என்ற விதிகள் என்று ஒவ்வொருவரும் தத்தம் கடைக்கோ அலுவலகத்துக்கோ உண்மையான திட்டம் போட வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் போட்ட திட்டத்தில் பில் போடும் இயந்திரம் எந்தக் காரணமும் இல்லாமல் கேமரா வலைக்குப் போக முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க எல்லோரையும் முயலவிட்டு, பிறகே விடையைச் சொன்னார்.

வைஃபை பாடம் சுருக்கமானது, போதுமானது. 2001-இலேயே உடைந்த டபிள்யூ.இ.பி., 2004 முதல் பயன்பாட்டில் உள்ள டபிள்யூ.பி.ஏ.2, 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 ஆகிய வைஃபைப் பாதுகாப்பு முறைகளைச் சொல்லி, ரவுட்டரில் கடவுச்சொல் தட்டாமலே இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். பொத்தான் வசதியை அணைத்துவிடச் சொல்லி முடித்துக்கொள்கிறார்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் மின்னஞ்சல். சிறு நிறுவனங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் ஏ.ஆர்.பி. ஏமாற்றால் அன்று. வெளிநாட்டு விற்பனையாளரின் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வரும் கடிதத்தை நம்பிப் பணம் அனுப்புவதால்தான் இழக்கிறார்கள். இறக்குமதித் தொழிலைச் சுற்றி வாழும் ஜார்ஜ் டவுன் அலுவலகங்களுக்கு இதுவே முதல் ஆபத்து. நம் டொமைன் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., அஞ்சலுக்குக் கையெழுத்திடும் டி.கே.ஐ.எம்., இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் ஆகிய மூன்றும் டி.என்.எஸ். பதிவுகளாகவே வெளியிடப்படுகின்றன. அவ்வளவு அருமையாக டி.என்.எஸ். நடத்துகிறவர் அதே பாடத்தின் தொடர்ச்சியாக ஒரு மாலை ஒதுக்கினால் போதும். இதை அவரிடம் நேரிலும் சொன்னேன், சேர்த்துவிடுகிறேன் என்றார். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதைக்கூட நான் கேட்டபிறகே வகுப்பில் பேசினார்கள்.

இரண்டாவது, ஐ.பி.வி.6. ஒரே ஒரு வகுப்பில் 128 பிட் முகவரியை எழுதும் முறையைச் சொல்லி முடித்துவிட்டார்கள். நம் ஊர் மொபைல் வலைகளில் ஐ.பி.வி.6 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு ஃபைபரிலும் வருகிறது. ஃபயர்வாலில் ஐ.பி.வி.4-க்கு மட்டும் விதி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால், மறுபக்கக் கதவு திறந்தே கிடக்கும். முகவரி மாற்றம் இல்லாத உலகில் ஃபயர்வால் எப்படி எழுதுவது என்பதை இந்த வகுப்பு கட்டாயம் கற்றுத்தர வேண்டும்.

பதிவேடுகள் பற்றியும் இன்னும் சொல்லியிருக்கலாம். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, இணையத் தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்கவும் சொல்கிறது. உத்தரவைப் பற்றிச் சொன்னார்கள். லாக்கை ஓரிடத்தில் சேர்த்து வாசிக்கும் பயிற்சியைத் தரவில்லை. அச்சிட்ட குறிப்புகள் ஆங்கிலத்தில், நகலின் நகலாக, படங்கள் மங்கிப்போய் இருக்கின்றன. இவ்வளவு தெளிவான தமிழில் பேசுகிறவரின் விளக்கங்களை யாராவது எழுதித் தொகுத்தாலே நல்ல கையேடு கிடைத்துவிடும். அறை சிறியது, படிக்கட்டு செங்குத்தானது, முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம். சனிக்கிழமை வகுப்பு ஒன்பது மணிக்குக் குறித்தபடி முடிந்துவிடும். கீழே கடை திறந்திருக்கும், மெட்ரோவும் பக்கம் என்பதால் பெண்கள் தயங்காமல் சேரலாம்.

நகரின் வேறு பகுதியில் ஒரு பெரிய பயிற்சி நிறுவனத்தில் இதைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டிப் படித்த என் தங்கை மகனின் பாடக்குறிப்பை ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் தாக்குதல் கருவிகளின் பெயர்கள் நிறைய இருந்தன. ஒரு பாக்கெட்டைத் திறந்து காட்டச் சொன்னால் அவனால் முடியவில்லை. வேலைவாய்ப்பு உறுதி என்ற வாக்குறுதியை அங்கே எழுத்தில் தந்திருந்தார்கள். தண்டையார்பேட்டை வகுப்பில் அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை, சான்றிதழும் வெறும் வருகைச் சான்றுதான். சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வு எழுத விரும்புகிறவர்களுக்கு அதன் பாடத்திட்டத்தில் பெரும்பகுதி இங்கேயே வந்துவிடுகிறது; ரவுட்டிங் நெறிமுறைகளையும் வயர்லெஸ் கன்ட்ரோலர்களையும் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். மூன்றே வாரத்தில் ஹேக்கிங் கற்று வேலைக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே வந்தால் முதல் மாதக் கேபிளிலேயே பொறுமை இழப்பார்கள். கேமரா, பிராட்பேண்ட், அலுவலகக் கணினி பராமரிப்பு ஆகிய தொழில்களில் ஏற்கெனவே இருப்பவர்களும், பாலிடெக்னிக் மாணவர்களும், என்னைப் போல ஓர் அலுவலகத்தின் பொறுப்பைச் சுமப்பவர்களும் தயங்காமல் சேரலாம்.

சேர நினைப்பவர்கள் ஞாயிறு காலை வகுப்பு முடியும் நேரத்தில் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. பணம் வாங்கும் முன் ஒரு வகுப்பில் உட்கார அனுமதிக்கிறார். 8 ஜி.பி. நினைவகம் உள்ள லேப்டாப் வேண்டும். வலையமைப்பைத் திரையிலேயே அமைத்துப் பார்க்க உதவும் சிஸ்கோ பாக்கெட் டிரேசரையும் வயர்ஷார்க்கையும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். கிரிம்பிங் டூலை மட்டும் சொந்தமாக வாங்கச் சொல்கிறார். வாங்குவதற்கு முன் அவரிடம் காட்டினால் எது நீடித்து உழைக்கும் என்று சொல்லிவிடுவார். அடுத்த தொகுப்பு பொங்கல் கழிந்து தொடங்குகிறது.